கன்னிப் பொட்டி

அந்தப் பெரிய பொட்டிய இங்கன தள்ளு மக்களே, நம்ம ரெண்டு பேரு காலுக்கும் நடுவுல நிக்கட்டும். நடவழியில வச்சா கண்டக்டர் வந்து கத்துவான். ஆமா, அப்படித்தான். சக்கரம் வச்ச பொட்டியப் பாத்ததுமே நெனச்சேன். நாகர்கோயில்ல ஏறி திருவனந்தபுரத்துக்குச் சீல எடுக்கப் போறவ இம்மாம் பெரிய பொட்டியவா தூக்கிட்டு வருவா? ஏரோப்ளேனுக்குத்தானே போற? எங்க, துபாயா?

ஆஸ்திரேலியாவா! அங்க எந்த ஊரு?

பெர்த்தா? அப்படியா. நல்லதாப் போச்சு. நான் அந்த ஊருக்குப் போயிட்டு வந்தவதான், தெரியுமா? இந்த ரப்பர் செருப்பையும் மஞ்சப் பையையும் பாத்தா அப்படித் தோணாது. எம்மவன் அங்கதான் இருக்கான். சுயம்புலிங்கம்னு பேரு, இஞ்சினீரு. அவந்தான் டிக்கெட் எடுத்து அனுப்பினான். ஒருக்கா வந்து பாரும்மா, இங்க கடல் அவ்வளவு சுத்தமா கெடக்குன்னு சொன்னான்.

நீ முத தடவையா போற? அப்ப நான் சொல்லுதத நல்லா கேட்டுக்கோ. கருவேப்பில வச்சிருக்கியா? இருந்தா இப்பமே எடுத்து ஜன்னல் வழியா போட்டுரு. பழம் ஆகாது, வெத ஆகாது, பச்சையா எதுவும் ஆகாது. ஊறுகா, பொடி எல்லாம் கேப்பாவ. உண்டுன்னு சொல்லிரு. பயப்படாத. உண்டுன்னு சொன்னா எடுத்துப் பாப்பாவ, மோந்து பாப்பாவ, சிரிச்சிட்டுத் திருப்பித் தந்துருவாவ. வச்சிக்கிட்டு இல்லன்னு சொன்னாத்தான் அவியளுக்குக் கோவம் வரும். உள்ளத உண்டுன்னு சொல்லணும், அதான் அங்க சட்டம். நல்ல சட்டம் மக்களே. நம்ம ஊருல அப்படி ஒரு சட்டம் இல்ல.

யாருக்காவது ஏதாவது வாங்கிட்டுப் போறியா? அதையும் கேப்பாவ. அன்பளிப்பா, சொந்தமா, வெல எவ்வளவு, யாருக்கு. அந்த 'யாருக்கு'ங்க கேள்வி இருக்கே, அதுலதான் நான் மாட்டினேன்.

நான் எம்மவளுக்குச் சாமான் கொண்டு போனேன். ஆமா, மவளும் உண்டு. தங்கபுஷ்பம். புஷ்பம்னு கூப்பிடுவோம். ஒம்பது வயசு.

சிரிக்காத. எனக்கு இந்த நரையில ஒம்பது வயசு மவளான்னுதானே பாக்க? அவ கன்னி. உங்க பக்கம் உண்டா இந்த வழக்கம்? வயசுக்கு வராம, ஒரு மாலை கழுத்துல ஏறாம போயிட்ட பொம்பளப் பிள்ளைய நாங்க வீட்டுலயே வச்சிக் கும்பிடுவோம். அதுக்குன்னு ஒரு ஓலப் பொட்டி. அதுக்குள்ள பாவாட, சட்ட, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு, சாந்துப் பொட்டு. வருசத்துக்கு ஒருக்கா பழசு எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். அவ அந்தப் பொட்டியிலதான் இருப்பா. கும்பிடுதோம்னா பயந்து இல்ல. பிள்ளைய எங்க விடுவோம்? வீட்டுலதான் வச்சிருப்போம்.

எப்படிப் போனான்னா, கொளத்துக்குப் போனா. சித்திர மாசம், தண்ணி வத்தி முழங்காலுக்குத்தான் கெடந்துச்சி. ஆனா செங்கச் சூளைக்காரன் மண்ணு எடுத்த குழி ஒண்ணு நடுவுல இருந்தது ஒருத்தருக்கும் தெரியல. சுயம்புவோடதான் அனுப்பினேன். அவனும் சின்னப் பயதான் அப்ப. தங்கச்சியக் கையப் பிடிச்சிக் கூட்டிட்டு வா, விட்டுட்டு வந்துராதன்னு சொல்லித்தான் விட்டேன். அவன் மட்டும் வந்தான். தல ஈரமா சொட்டுது. எல, தங்கச்சி எங்கலன்னு கேட்டேன். எங்கூட யாரும் வரலன்னான். சோறு போடும்மான்னான். போட்டேன், உக்காந்து தின்னான். நான் அந்தால வாசல்ல நின்னு, பிள்ளைய இன்னும் காணுமேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.

சின்னப் பய, பயத்துல சொல்லிருப்பான். நான் அவன ஒரு வார்த்த சொன்னதில்ல மக்களே. எங்க வீட்டு ஆளு பெல்ட்ட எடுத்தாவ, நாந்தான் குறுக்க நின்னு தடுத்தேன். அடிக்கப்படாது, அவனுக்கு இனி நான் இருக்கேன்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த கெடையாது.

வருசா வருசம் அதே நாளு வரும்போது புதுப் பாவாட எடுப்பேன். பொட்டியில அத வைக்கது சுயம்புதான். மத்த வீடுகள்ல யாரு வேணும்னாலும் வைப்பாவ, இது எனக்கா தோணினது. கூடப் பொறந்தவன் கையால வச்சா அவளுக்குச் சந்தோசமா இருக்கும்லா? குளிச்சி, ஈரத் தலையோட வந்து வைக்கணும். அவ போன அன்னைக்கு அவன் எப்படி வந்தானோ அப்படி. வச்சிட்டு 'தங்கச்சி, நான் வந்துருக்கேன்'னு சொல்லணும். சொல்லும்போது அவனுக்குக் கையி காலெல்லாம் நடுங்கும் பாத்துக்கோ. மறுநாளு காய்ச்சல்ல கெடப்பான். அவ வந்து தொடுதா, அந்த நடுக்கம்தான்னு எனக்குத் தெரியும். அண்ணன் மேல அவ்வளவு பாசம்.

காலேசுக்குப் போன பொறவும் அந்த நாளைக்கு வரச் சொல்லிருவேன். பரிச்ச இருக்கும்மான்னு அழுவான். ஒரு நாளைக்கு வந்துட்டுப் போயேம்லன்னு சொல்லுவேன். வந்துருவான். நல்ல பிள்ள, எஞ்சொல்லத் தட்ட மாட்டான். பொறவு வேல கிடைச்சி இந்த பெர்த்துக்குப் போயிட்டான். உள்ளூருலயே வேல இருந்துச்சி, சம்பளமும் மோசமில்ல. என்னத்துக்கு அம்புட்டு தூரம் போனான்னு ஊருல கேக்காவ. ஆம்பளப் பிள்ள நாலு இடம் பாக்காண்டாமா?

அங்க போன பொறவு ஆளே மாறிட்டான். போன்ல சிரிச்சிச் சிரிச்சிப் பேசுவான். அவன் அப்படிச் சிரிச்சி நான் அதுக்கு முந்தி கேட்டதில்ல. கடல்ல நீந்தக் கூட படிச்சிட்டேம்மான்னான். எனக்குத் திக்குன்னு ஆச்சி. இவன் அங்க சிரிச்சிக்கிட்டு இருக்கான், அவ இங்க பொட்டிக்குள்ள தனியா கெடக்காளே, அண்ணன் மறந்துட்டான்னு நெனைப்பாளேன்னு. அதான் டிக்கெட் வந்ததும் முடிவு பண்ணிட்டேன், அவளையும் பொட்டியோட கூட்டிட்டுப் போயி அவன் வீட்டுலயே வச்சிருவோம்னு. அவன்கிட்ட சொல்லல. திடுதிப்புன்னு பாத்தா சந்தோசப்படுவான்லா?

ஏ கண்டக்டரே, மார்த்தாண்டம் இன்னும் வரலியாய்யா? சிரிக்கான் பாரு. இவனுக்கு என்னத் தெரியும். அவன விடு.

ஏரோப்ளேன் எறங்கினது நல்ல வெயில் நேரம். எல்லாரும் வரிசையில நிக்கோம். அப்ப ஒரு நாயி வந்துச்சி. சின்ன நாயி, அதுக்குப் பச்ச நெறத்துல ஒரு சட்டையும் மாட்டி விட்டிருந்தாவ. ஒவ்வொரு பையா மோந்து பாத்துக்கிட்டே வந்து, எம்முன்னால பொத்துன்னு உக்காந்துட்டு. குலைக்கல. பூவுக்கும் ஓலைக்கும் அப்படி உக்காருமாம், பொறவு சொன்னாவ. ஆனா அது எம் பையப் பாக்கல மக்களே. எனக்கு எடது பக்கமா, என் இடுப்பு உசரத்துக்குப் பாத்துச்சி. அங்க ஒண்ணும் இல்ல. வால ஆட்டிக்கிட்டே பாத்துச்சி.

தனி மேசைக்குக் கூட்டிட்டுப் போனாவ. அங்க ஒரு வெள்ளக்காரப் பொம்பள, நெட்டையா, கையில ரப்பர் உற மாட்டியிருந்தா. தன்மையான பொம்பளதான், குத்தம் சொல்லப்படாது. எனக்கு இங்கிலீசு பாஷ தெரியாதுன்னதும் ஒரு போன மேசையில வச்சா. அதுல இருந்து ஒரு பொம்பள தமிழ்ல பேசுதா. யாழ்ப்பாணத்துத் தமிழு. கேக்கச் சுகமா இருந்துச்சி.

"வணக்கம் அம்மா. பயப்பிடாதேங்கோ. அவ கேக்கிறதை நான் உங்களுக்குச் சொல்லுறன், நீங்கள் சொல்லுறதை அவவுக்குச் சொல்லுறன்."

வெள்ளக்காரி ஓலப் பொட்டியத் திறந்து ஒவ்வொண்ணா எடுத்து மேசையில பரத்துதா. பாவாடய விரிச்சா. மாம்பழ மஞ்சளு, பச்சக் கர. வளையல எடுத்துக் குலுக்கிப் பாத்தா. வெள்ளிக் கொலுச எடுத்து வெல கேட்டா. எல்லாம் எடுத்துட்டுத்தான் அந்தக் கேள்விய கேட்டா.

"அன்பளிப்போ அம்மா? ஆருக்குக் கொண்டு வந்தனீங்கள்?"

"எம்மவளுக்கு."

"மகளுக்கு எத்தினை வயசு?"

"ஒம்பது."

வெள்ளக்காரி என் மொகத்தப் பாத்தா, பாவாடயப் பாத்தா. என்னமோ சொன்னா. "பேத்திக்கோ எண்டு கேக்கிறா அம்மா."

"மவளுக்குத்தான். வருசா வருசம் குடுக்கது."

"மகள் இப்ப எங்க இருக்கிறா?"

நான் என்ன சொல்லணும் மக்களே? உள்ளத உண்டுன்னு சொல்லணும்லா? "எங்கூடத்தான் வந்துருக்கா"ன்னு சொன்னேன்.

அம்புட்டுதான். அந்தப் பொம்பள மொகம் மாறிட்டு. தோளுல மாட்டியிருந்த வயர்லெஸ்ல பேசுதா. ரெண்டு பேரு ஓடி வந்தாவ. என் பாஸ்போட்ட வாங்கிப் பாக்காவ. பிள்ள என்ன நெறம், என்ன உடுத்திருந்தா, கடசியா எங்க பாத்தியன்னு கேக்காவ. ஒருத்தன் வரிசையில நின்ன ஆளுகளைக் கேக்கப் போனான். ஒருத்தி கக்கூசுக்குள்ள போயி ஒவ்வொரு கதவா தட்டிப் பாக்கா. பிள்ளையத் தேடுதாவ மக்களே! எம் பிள்ளையத் தேடுதாவ! எனக்கு நெஞ்சு நெறஞ்சி போச்சி. அந்தக் கொளத்துல ஆளு எறங்கித் தேடினதுக்குப் பொறவு அவள ஒருத்தரும் தேடினதில்ல. நான் அங்கனயே நின்னு அழுதேன்.

போன்ல இருந்த அம்மாதான் மொதல்ல வெளங்கிக்கிட்டா. மெதுவா கேட்டா. "அம்மா, பிள்ளை உயிரோட இருக்கிறாவோ?"

"கன்னியா இருக்கா"ன்னு சொன்னேன்.

வெள்ளக்காரி ஹலோ ஹலோங்கா. பொறவு அந்த அம்மா என்ன சொன்னாளோ, இங்கிலீசுல கொஞ்சம் சொன்னா. தேடப் போனவியளை எல்லாம் திரும்பக் கூப்பிட்டாவ. வெள்ளக்காரி ரப்பர் உறையக் கழத்திட்டு என் கையத் தொட்டா. நான் சொன்னேம்லா, தன்மையான பொம்பள.

ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா, எழுதிக்கிடணும். வெளிய நிக்க எம்மவனுக்குப் போன் போட்டா, எல்லாருக்கும் கேக்க மாதிரி. அவன் கொரலக் கேட்டதும் எனக்கு உசிரு வந்துச்சி. வெள்ளக்காரி கேக்கா, அவன் பேசுதான். பொறவு 'நோ' ன்னான். திரும்பவும் 'நோ, நோ'ன்னான். அந்த ஒரு வார்த்த எனக்கும் தெரியும் மக்களே.

"என்னம்மா சொல்லுதான்?"னு கேட்டேன்.

அந்த அம்மாவுக்குச் சொல்ல மனசில்ல. நான் விடல. "உங்கட மகன் சொல்லுறார், அப்பிடி ஒரு பிள்ளை இல்லையாம். உங்களுக்கு ஒரே ஒரு பிள்ளைதானாம். உங்களோட ஒருத்தரும் வரேல்லையாம்."

அன்னைக்கும் இதத்தான் சொன்னான். தல சொட்டச் சொட்ட வந்து நின்னு, எங்கூட யாரும் வரலன்னு. ஆனா அன்னைக்கு அவ கொளத்துல கெடந்தா, கேக்கல. இப்பம் மேசை மேல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கா.

துணியும் வளையலும் கொலுசும் கொண்டு போகலாமாம், தடை இல்லையாம். பொட்டிதான் ஆகாதாம். "ஓலைப் பெட்டியும் காய்ஞ்ச பூவும் உள்ள விடேலாது அம்மா. மருந்தடிச்சு எடுக்கலாம், இல்லாட்டி அழிச்சுப்போடுவினம். மகன் அழிக்கச் சொல்லுறார்." நான் பொட்டியப் பிடிச்சிக்கிட்டேன். வெள்ளக்காரி ஒவ்வொரு வெரலா எடுத்து விட்டா, நோகாமத்தான் எடுத்து விட்டா. மூடி போட்ட ஒரு தொட்டிக்குள்ள போட்டா. பாவாடய மடிச்சி ஒரு கண்ணாடிப் பையில வச்சிக் கையில தந்தா. பாவாட இருக்கு, அவ இல்ல.

வெளிய வந்தா எம்மவன் நிக்கான். அந்தப் பையில மஞ்சப் பாவாடயப் பாத்துட்டு அப்படியே செவுத்தோட சாஞ்சிட்டான். வீட்டுக்குப் போயி சோறு வடிச்சிப் போட்டான், கால் அமுக்கி விட்டான். பொறவு எம் மடியில தலைய வச்சிக்கிட்டு, "போதும்மா. இனிமே போதும்மா"ன்னான். என்னல போதும்னு கேட்டேன், மூஞ்சிய மடியில அழுத்திக்கிட்டான். நான் கொண்டு போன சாமான் போதும்னுதான் சொல்லுதான் போலன்னு விட்டுட்டேன். வெல கூடின கொலுசுலா. மூக்க மூக்க உறிஞ்சினான். அந்த ஊரு காத்து ஒத்துக்கிடாது, சளி பிடிச்சிரும்.

எனக்கு அங்க இருப்புக் கொள்ளல, சொன்ன நாளுக்கு முந்தியே திரும்பிட்டேன். வந்து புதுசா ஒரு பொட்டி மொடஞ்சி வாங்கி, வெளக்கு ஏத்தி, கூப்பிட்டுப் பாத்தேன். முந்தி வெள்ளிக்கிழம வெளக்கு ஏத்தினா வளையல் சத்தம் லேசா கேக்கும். சாந்து மணம் வரும். இப்பம் ஒண்ணுமே இல்ல. வெறும் பொட்டி. அவ வரல மக்களே. அங்கதான் நிக்கா, அந்த மேசை கிட்ட. பாஷ தெரியாத பிள்ள. போற வாற ஆளுகளை எல்லாம் அண்ணாந்து பாத்துக்கிட்டு, அண்ணன் இல்லன்னுட்டானே, இனி நம்மள யாரு கூட்டிட்டுப் போவான்னு நிக்கா.

கண் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுதான் வீட்டுல சொல்லிட்டு வருவேன். இந்த பஸ்ஸுல ஏறினா உன்ன மாதிரி யாராவது ஆப்பிடுவாவ. மஸ்கட்டுக்குப் போறவியதான் நெறைய. பெர்த்துக்குப் போறவிய கெடைக்கது அபூர்வம். அதான் கண்டக்டர் சிரிக்கான். சிரிச்சிட்டுப் போறான்.

போன தடவ தக்கலைக்காரப் பய ஒருத்தன் கெடைச்சான். படிக்கப் போறவன். நல்ல பிள்ள, நான் சொன்னத அப்படியே செஞ்சான். அந்த மேசை கிட்ட நின்னு ஒருக்கா பேரச் சொல்லிக் கூப்பிட்டானாம். வெளிய, நான் சொல்லி அவனக் கூட்டப் போன சுயம்புகிட்ட, உங்க அம்மா சொல்லித்தான் கூப்பிட்டேன்னு சொல்லிட்டும் போனானாம். அதுக்குப் பொறவு எம்மவன் தூங்குததில்ல. வீட்டுக்குள்ள எங்கயோ தண்ணி சொட்டுத சத்தம் கேக்காம். ஆளக் கூட்டிட்டு வந்து குழாயெல்லாம் கழத்திப் பாத்தாச்சி, ஒண்ணும் இல்லியாம். கடல் பக்கமே போறதில்லியாம். போன்ல சிரிக்கதும் நின்னு போச்சி. எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா! வந்துட்டா, அண்ணன் வீட்டக் கண்டுபிடிச்சிட்டான்னு. நான் சொன்னேன், பயப்படாதல, தங்கச்சிதான்னு. அவன் போன வச்சிட்டான். அதுக்குப் பொறவு எடுக்கதே இல்ல.

ஆனா வாசலோட நிக்கா போல மக்களே. உள்ள வர மாட்டேங்கா. வந்தா மாத்திக்கிட ஒரு துணி வேண்டாமா? நான் கொண்டு போன மஞ்சப் பாவாடய அவன் எங்கயோ தூக்கிப் போட்டுட்டான். ஈரத்தோட எப்படி உள்ள வருவா?

இந்தா. பயப்படாத, பொட்டி இல்ல, ஓல இல்ல, பூ இல்ல. எல்லாம் தெரிஞ்சிக்கிட்டுத்தான் தாரேன். வெறும் பாவாட சட்டதான், அரக்குப் பாவாட. அவியளே தடை இல்லன்னு சொன்ன சாமான். மேல் பையில வச்சிக்கோ, கசங்காது. சுயம்பு இனி ஏர்போட்டுக்கு வர மாட்டான். பரவால்ல, வீட்டு விலாசம் உள்ள வச்சித் தச்சிருக்கேன். கதவத் தட்டி, அவன் கையிலயே குடு. வேற யாரு கையிலயும் குடுத்துராத.

ஏன் எந்திக்க? உன் எறக்கம் இன்னும் வரல மக்களே. உக்காரு. கைய எடுக்காத, பிடி. கனமே இல்ல பாரு.

அன்பளிப்பான்னு கேட்டா ஆமான்னு சொல்லு. யாருக்குன்னு கேட்டா எம்மவன் பேரச் சொல்லு. கடசியா, கூட யாரும் வந்துருக்காவளான்னு கேப்பாவ. அப்ப மட்டும் யோசிக்காத. உன் எடது பக்கம் திரும்பியும் பாக்காத. அவளுக்கு நல்லாக் காது கேக்கும். 'வந்துருக்கா'ன்னு சொல்லு மக்களே. இல்லன்னு மட்டும் சொல்லிராத.